பொன் போயிற்று, புழுதி மிஞ்சிற்று!

"நட்டம் வந்தது, மூடினோம்."

மூன்றே சொற்கள்! நூற்றிருபது ஆண்டுகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் உழைத்த ஓர் ஊரின் கதையை இந்த மூன்று சொற்களில் முடித்துவிட்டார்கள். கேட்டவர்களும், "நட்டமென்றால் மூடத்தானே வேண்டும்?" என்று தலையை ஆட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். யாருக்கு நட்டம்? எந்தக் கணக்கின்படி நட்டம்? அந்தக் கணக்கை எழுதிய கை யாருடைய கை? இவற்றைக் கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்டவர்களின் குரலும் டில்லியின் காதில் விழவில்லை. அந்தக் கேள்விகளைக் கையில் எடுத்துக்கொண்டு, தோழர்களே, இன்று கோலார் தங்கவயலுக்குப் போய்வருவோம், வாருங்கள்.

"சேலத்துக்காரனுக்குக் கோலாரில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். வேலைதான் தோழர்களே, வேலையேதான்! நம் பாட்டன் முப்பாட்டனுக்கு அங்கே வேலை இருந்தது. சேலத்தில் வண்டி ஏறிச் சோலையார்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து பங்காருபேட்டைக்குப் போய், அங்கே மாரிக்குப்பம் வண்டியைப் பிடித்தால் வந்துவிடும் அந்த ஊர். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று வரிசையாக நிலையங்கள். அந்தத் தண்டவாளத்தின் வழியே ஒரு தலைமுறையல்ல, நான்கு தலைமுறைத் தமிழர்கள் போனார்கள். போனவர்கள் பொன்னைத் தோண்டினார்கள். பொன் இலண்டனுக்குப் போயிற்று, பிறகு டில்லிக்குப் போயிற்று. தோண்டியவனின் பேரன் இன்று அதே தண்டவாளத்தில் விடியுமுன் வண்டியேறி, பெங்களூரில் கூலி வேலை தேடிப் போகிறான்.

ஏன் போனார்கள்? ஆசை பிடித்தா போனார்கள்? 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டி எடுத்த தாது வருடப் பஞ்சத்தை நம் வீட்டுக் கிழவிகள் கதையாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம் மட்டுமன்று. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியில் தொடங்கி இராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வரை பரந்து கிடந்த வானம் பார்த்த பூமி அது. 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அம்மாவட்டத்து மக்கள் 19 இலட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல். பத்தாண்டு கழித்து 1881இல் எண்ணியபோது 16 இலட்சத்தை எட்டவில்லை. பிறந்தவர்களையும் சேர்த்து எண்ணித்தான் இந்தக் குறைவு! கேழ்வரகு விளையவில்லை, கிணறு வற்றிற்று, மாடு செத்தது, மனிதனும் செத்தான். பிழைத்தவன் பட்டணம் போனான், கப்பலேறினான், தோட்டக்காட்டுக்குப் போனான். பஞ்சம் ஓய்ந்தது 1878இல். இலண்டனிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி கோலாருக்கு வந்தது 1880இல். பசித்த வயிறும் பொன்னைத் தேடிய பணமும் ஒரே சமயத்தில் ஒரே மண்ணில் சந்தித்தன.

இந்தத் தங்கத்தைக் "கண்டுபிடித்தவர்" என்று மைக்கேல் லாவெல் என்ற வெள்ளைச் சிப்பாயைக் காட்டுவார்கள். நியூசிலாந்துப் போரிலிருந்து ஓய்வு பெற்றுவந்த அவர் 1871இல் மாட்டுவண்டியில் கோலாருக்குப் போனார், மைசூர் சமஸ்தானத்திடம் உரிமம் பெற்றார் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அவர் படித்துவிட்டு வந்தது என்ன? வாரன் என்ற இராணுவ அதிகாரி எழுதிவைத்த குறிப்பு. 1802இல் நில அளவைக்கு வந்த வாரனுக்கு அந்தச் செய்தியைச் சொன்னவர்கள் யார்? மாரிக்குப்பத்துப் பக்கத்தில் குழி தோண்டி, மண்ணைத் தூக்கி, நீரில் அலசிப் பொன்துகள் எடுத்துக்கொண்டிருந்த கிராமத்து ஏழைகள்! எடுத்துக் காட்டியவன் பெயர் ஏட்டில் இல்லை; ஏட்டைப் படித்தவன் கண்டுபிடிப்பாளன் ஆனான். வரலாறு எழுதும் வழக்கம் இதுதான் போலும்.

கம்பெனி வந்தபின் ஊர் முளைத்தது. முளைத்தது என்றா சொன்னேன்? தவறு. கம்பெனி ஊரைக் கட்டியது. கட்டிய ஊரைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டது. மண் கம்பெனியினுடையது. மண்ணுக்கு மேலிருந்த வீடு கம்பெனியினுடையது. தண்ணீர், பேத்தமங்கலத்தில் பாலாற்றைத் தேக்கிக் குழாய்வழி வந்த தண்ணீர், கம்பெனியினுடையது. மருத்துவமனையும் கம்பெனியினுடையது, காவலாளியும் கம்பெனியின் ஆள். வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் தண்ணீரும் போகும். அடிமை முறையை ஒழித்துவிட்டோம் என்று பீற்றிக்கொண்ட நாட்டவர்கள் நடத்திய ஊர் இது!

அங்கே இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று மேட்டில்: பங்களா, தோட்டம், மாதாகோயில், 'கிளப்', பந்தாடும் புல்வெளி. வெள்ளையர்கள் அதைச் சின்ன இங்கிலாந்து என்று செல்லமாக அழைத்தார்கள். மற்றொன்று பள்ளத்தில்: மூங்கில் தட்டியால் அடைத்த சுவரும் குனிந்தால்தான் நுழையமுடிந்த வாசலுமாக நெருக்கியடித்த குடிசை வரிசைகள். அவற்றுக்குப் பெயர் 'லைன்'. ஒரு தலைமுறை போய் அடுத்த தலைமுறை வந்தும் அந்தத் தட்டிச் சுவர் போகவில்லை. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே 1905இல்தான் அந்த ஒளி கிடைத்தது. தங்கவயலுக்கு மூன்றாண்டு முந்திற்று. ஆசியாவே வியந்தது என்று பெருமை பேசுவார்கள். வியப்புக்குரிய செயல்தான்; ஐயமில்லை. ஆனால் அந்த மின்சாரம் முதலில் எங்கே போயிற்று? கல்லை நொறுக்கும் ஆலைக்கும் ஆளை இறக்கும் பொறிக்கும் போயிற்று. துரையின் கூடத்து விளக்குக்குப் போயிற்று. காவிரி நம் நாட்டு ஆறு. ஆனாலும் லைனில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்குத்தான்.

ஆள் பிடித்துக் கொடுக்கக் கங்காணியும் ஒப்பந்தக்காரனும் இருந்தார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்கள். சொந்த ஊரில் கிணற்றில் நீர் இறைக்க உரிமையற்றவர்கள். இங்கே உலகின் ஆழமான கிணற்றில் இறங்க அழைக்கப்பட்டார்கள். மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கத்தாரும் இத்தாலியரும், காவலுக்குப் பஞ்சாபியர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள்.

வேலை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வேலை எப்படிப்பட்டது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கூண்டில் நிற்கிறீர்கள். மணி அடிக்கிறது. கூண்டு விழுகிறது. விழுகிறது என்பதே சரியான சொல். சாம்பியன் ரீப் சுரங்கம் கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தை எட்டிற்று. நம் சேர்வராயன் மலையின் உச்சியைத் தலைகீழாகக் கவிழ்த்து அங்கே இறக்கினாலும் பாதிக் குழிதான் நிரம்பும்! அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும், தொட்டால் சுடும். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பித்தான் மனிதனை உயிரோடு வைத்திருந்தார்கள். மேலேயுள்ள மலைப்பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடிக்கும். பீரங்கி வெடித்ததைப்போல் ஓசை கேட்கும். மேலே லைனில் பாத்திரங்கள் அதிரும். அந்த அதிர்வைக் கேட்டதும் பெண்கள் பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு குழிவாய்க்கு ஓடுவார்கள். எந்தக் கூண்டில் தன் கணவன் மேலே வருவான், வருவானா என்று பார்ப்பதற்கு.

பாறை வெடித்து இறந்தவனுக்காவது கணக்கு உண்டு. பாறைப் பொடியைத் தின்று செத்தவனுக்குக் கணக்கு இல்லை. துளையிடும்போது எழும் கல்மாவு நுரையீரலில் போய் உறைந்து, மூச்சையே கல்லாக்கும் நோய் 'சிலிகோசிஸ்'. இந்தியாவில் இந்நோய் முதன்முதல் ஆராய்ந்து பதிவு செய்யப்பட்டது இந்தக் கோலார் சுரங்கத்திலேதான். 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்துப் பார்த்த ஆய்வு, நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இந்நோய் உண்டு என்று கண்டது. நூற்றுக்கு 40! படையெடுத்துச் சென்ற பட்டாளத்தில்கூட இவ்வளவு சேதம் வந்தால் தளபதியைத் திருப்பி அழைத்து விசாரணை வைப்பார்கள். இங்கே கம்பெனியின் ஆண்டறிக்கை வழக்கம்போல் பங்காதாயம் அறிவித்தது.

வேலை முடிந்து மேலே வருகிறவனைக் காவலாளி தடவிச் சோதிப்பான். பொன் கலந்த கல் ஒருவனிடம் அகப்பட்டால், அது நேர்மையாக வந்தது என்பதை அவனே மெய்ப்பிக்க வேண்டும் என்று மைசூர் சமஸ்தானம் தனிச் சட்டமே செய்திருந்தது. குற்றம் சாட்டுகிறவன் மெய்ப்பிக்க வேண்டும் என்பது உலக நீதி. கம்பெனி வேலிக்குள் அந்த நீதி தலைகீழ். டன் கணக்கில் அள்ளிச் சென்றவனுக்குப் பெயர் முதலாளி. சட்டைப்பைத் தூசிக்குப் பெயர் திருட்டு. மண்ணுக்குரிய சமஸ்தானத்துக்குத் தொடக்கத்தில் கிடைத்த 'ராயல்டி' நூற்றுக்கு ஐந்து. மீதி எங்கே போயிற்று என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் தோழர்களே, அடங்கிக் கிடந்த ஊர் என்று எண்ணிவிடாதீர்கள். தட்டிச் சுவர்களுக்குள்ளே அறிவு கனன்றது. அயோத்திதாச பண்டிதரின் தொண்டால் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கிளைத்தது. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப்பின் நின்றுபோக, அதற்கு 1926இல் மீண்டும் உயிர் கொடுத்து நடத்தியவர் தங்கவயலின் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்தது சாம்பியன் ரீப்பின் சித்தார்த்த புத்தகசாலை. கூண்டிலிருந்து ஏறிவந்த கைகள் அச்சுக்கோத்தன! பல்கலைக்கழகங்கள் இவற்றையெல்லாம் ஆராய்ச்சி செய்யத் தொடங்கியது எத்தனை காலம் கழித்து என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

போராட்டமும் எழுந்தது. குற்றவாளிக்கு எடுப்பதைப்போல் எங்கள் கைரேகையை எடுப்பதா என்று 1930இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் போன்றோர் சங்கம் கட்டினார்கள். 1946 நவம்பர் 4ஆம் நாள் போலீஸ் சுட்டது. ஆறு தொழிலாளர்கள் மாண்டனர். இந்தியா விடுதலை பெற ஓராண்டுகூட இல்லாத நேரம்! அந்த ஆறு பேருக்கும் அவ்வூரில் நினைவிடம் உண்டு. கட்சிக்காரன் எவன் அங்கே போனாலும், எந்தக் கொடியைத் தோளில் சுமந்து போனாலும், அந்த இடத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும்.

பிறகு வந்தது 1956. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன் கையில் எடுத்தது. துரைமார்கள் போனார்கள், நட்டஈடு வாங்கிக்கொண்டு. ஊர் திருவிழாக் கொண்டாடிற்று. இனி நம்முடையது என்றார்கள். நாமும் நம்பினோம். நம்பியது தவறென்று சொல்லமாட்டேன். வீடு கல்வீடாயிற்று, பள்ளிக்கூடம் பெருகிற்று, மருத்துவமனையில் மரியாதை கிடைத்தது. பொதுத்துறை அந்த மக்களுக்குத் தந்ததை யாரும் இல்லையென்று கூற முடியாது. 1962இல் சுரங்கங்கள் மத்திய சர்க்காரிடம் போயின. 1972இல் 'பாரத் கோல்டு மைன்ஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டன.

இங்கேதான் அந்த நட்டக் கணக்கு தொடங்குகிறது. கூர்ந்து கவனியுங்கள்.

அந்நாளில் உலகச் சந்தையில் தங்கத்தின் விலையை அமெரிக்கா ஓர் அவுன்சுக்கு 35 டாலர் என்று 1934 முதல் கட்டிப்போட்டிருந்தது. அந்த விலைக்குக் கணக்குப் போட்டால் அன்றைய நாணய மதிப்பில் பத்துக் கிராம் ஏறத்தாழ 54 ரூபாய். நம் கடைத்தெருவிலோ 1960களின் தொடக்கத்தில் பத்துக் கிராம் நூறு ரூபாயைத் தாண்டி விற்றது. தங்கவயலில் எடுத்த தங்கம் எந்த விலைக்குக் கணக்கில் ஏறிற்று? கடைத்தெரு விலைக்கு அன்று, அனைத்துலக விலைக்கு! தொழிலாளி அரிசி வாங்குவது நம் ஊர்ச் சந்தையில். அவன் எடுத்த தங்கத்துக்கு விலை வைப்பது வாஷிங்டனில். செலவு உள்ளூர் விலையில், வரவு வெளிநாட்டு விலையில். இப்படி எழுதினால் குபேரன் கடை வைத்தாலும் நட்டம்தான் வரும்! கருவூலத்துக்குப் போன இலாபம் சுரங்கத்தின் ஏட்டில் ஏறவில்லை. சுரங்கத்தின் ஏட்டில் ஏறியது நட்டம் என்ற சொல் மட்டுமே. பிறகு அந்த நட்டத்துக்கு 'உதவித்தொகை' கொடுத்து, பிச்சை போடுவதைப்போல் பெருமை வேறு!

1963இல் மொரார்ஜி தேசாயின் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது சேலத்துப் பொற்கொல்லர் வீட்டில் உலை அணைந்ததைப் பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். தோண்டுகிறவனுக்கும் விலை இல்லை, தட்டுகிறவனுக்கும் வேலை இல்லை. இரண்டுக்கும் பெயர் தேச நலன்.

எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, "ஐயா, கல்லில் தங்கம் குறைந்துபோனது உண்மையா, இல்லையா?" என்று கேட்கலாம். உண்மைதான். மறைக்க வேண்டியதில்லை. தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த இடத்தில், கடைசி ஆண்டுகளில் மூன்று நான்கு கிராம்தான் கிடைத்தது. ஆழம் கூடக் கூடச் செலவும் கூடிற்று. நல்ல கல்லை அள்ளிய காலம் கம்பெனியின் காலம்; எஞ்சிய கல்லைச் சுரண்டிய காலம் நம்முடைய காலம். பாலைக் கறந்தவன் போய்விட்டான்; வற்றிய மடியைப் பிடித்தவனைப் பார்த்து, "உனக்குக் கறக்கத் தெரியவில்லை" என்கிறார்கள்.

சரி, கல்லில் தங்கம் குறைந்தது. அதனால்தான் மூடினார்களா? அதே கருநாடகத்தில், இராய்ச்சூர் மாவட்டத்தில், ஹட்டி தங்கச் சுரங்கம் இருக்கிறதே! அதுவும் அரசுடையதே, அதற்கும் அதே விலைதான். அதை மூடவில்லை. மாநில அரசு தாங்கிப் பிடித்தது. விலை ஏறியபோது அது இலாபத்தில் நிமிர்ந்தது. கோலாரை 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடினார்கள். அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். உலகச் சந்தையில் தங்கம் இருபதாண்டுகளில் காணாத அடிமட்ட விலைக்கு, அவுன்சு 260 டாலர் அளவுக்கு, விழுந்து கிடந்த நேரம் அது! பிரிட்டிஷ் சர்க்கார் தன் கையிருப்புத் தங்கத்தை விற்றுத் தொலைத்து, பிற்பாடு தன் நாட்டாராலேயே எள்ளி நகையாடப்பட்டதும் அதே காலத்தில்தான். பத்தே ஆண்டில், 2011இல், அவுன்சு 1,900 டாலரைத் தொட்டது. இந்நாள் நிலவரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் அறிவார்கள். 2001இல் பத்துக் கிராம் வாங்கிய பணத்துக்கு இன்று ஒரு கிராம்கூட வராது. பொன் வாங்க ஆளில்லாத நாளில் பொற்சுரங்கத்தை மூடிய மேதைகள்தாம், தோழர்களே, நமக்குப் பொருளாதாரம் கற்றுத் தருகிறார்கள்!

நூற்றிருபது ஆண்டில் அந்த மண் கொடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். அதோடு, விண்ணிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை 1965இல் உலகிலேயே முதல் வரிசையில் நின்று அறிந்த ஆய்வுக்கூடமும் அந்தக் குழியின் ஆழத்தில்தான் இருந்தது. டாட்டா ஆராய்ச்சிக் கழகத்து அறிஞர்கள் சுரங்கத் தொழிலாளியின் கூண்டில்தான் இறங்கினார்கள். மூடும் நாளில் இதற்கும் விலை போடவில்லை. இறைக்கும் பொறி நின்றது; குழிகளில் நீர் ஏறிற்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கையில் ஒரு தொகையைத் திணித்து, விருப்ப ஓய்வு என்றார்கள். யாருடைய விருப்பம்? மருத்துவமனை பூட்டப்பட்டது, நெஞ்சில் கல்மாவைச் சுமந்தவன் எங்கே போவான்? 1964இல் அங்கே வந்த மண் அள்ளும் பொறிகளின் தொழிற்சாலை ஒன்று நிற்கிறது, நல்லது. ஆனால் ஒரு நகரம் முழுவதும் அதன் வாசலில் நிற்க முடியாதே! ஆகவே வண்டியேறுகிறார்கள். விடியுமுன் புறப்பட்டு, நூறு கிலோமீட்டர் பெங்களூர் போய், இருட்டியபின் திரும்புகிறார்கள். கம்பெனி ஊர் செத்தது; அதன் லைன் வீடுகள் மட்டும் உறங்கும் கூடமாக மிஞ்சின. தாத்தா காலத்திலிருந்து குடியிருக்கும் அந்த வீட்டுக்கு ஒரு பட்டா வேண்டும் என்று மனு எழுதி எழுதி ஒரு தலைமுறை நரைத்துவிட்டது.

இடையே 2018இல் அந்த ஊரின் பெயரால் ஒரு திரைப்படம் வந்து கோடி கோடியாய்க் குவித்தது. தங்கவயலில் இரண்டாம் முறையும் தங்கம் எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் தொழிலாளிக்குப் பங்கில்லை.

இன்னொன்றும் மிஞ்சியது: புழுதி. சயனைடு கரைசலில் பொன்னைப் பிரித்தெடுத்துவிட்டு, அரைத்த கல்மாவை ஊரின் நடுவிலேயே கொட்டினார்கள். 13 மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல். பார்ப்பதற்கு மலை, காற்றடித்தால் புகை. ஆடிக்காற்று வீசும்போது அந்தத் தூள் சோற்றில் விழும், தொட்டிலில் விழும், இருமலாய் எழும். இந்தப் புழுதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டுக் கேட்டு ஊரார் ஓய்ந்தார்கள். 2024 ஜூன் மாதத்தில் கருநாடக அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது: 1,003 ஏக்கரில் கிடக்கும் அந்த 13 மேடுகளையும் திரும்பக் கிளறித் தங்கம் எடுக்க மத்திய அரசுக்கு இசைவு! பார்த்தீர்களா? புழுதியிலும் பொன் இருக்கிறதாம்! விலை ஏறியதும் இருக்கிறதாம்! அப்படியானால் இத்தனை காலம் அந்தப் புழுதியைச் சுவாசித்தவனுக்கு அதில் பங்கு என்ன? கிளறும்போது எழும் தூளைத் தடுக்க ஏற்பாடு என்ன? வேலை முதலில் யாருக்கு? கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். ஓமலூர்ச் சாலையில் மாமாங்கத்தைக் கடக்கும்போது வெள்ளையாய்க் குதறிக் கிடக்கும் கரடுகளை நாள்தோறும் பார்க்கிறீர்கள். வெள்ளைக்காரன் சுண்ணாம்புக் குன்று என்று பெயர் வைத்தான். அது சுண்ணாம்பன்று, மேக்னசைட். வெள்ளக்கல்பட்டி என்று ஊருக்கே பெயர் வைத்த நம் மக்களுக்குக் கல்லின் நிறமாவது சரியாகத் தெரிந்திருந்தது. உருக்காலைகளின் உலைச்சுவருக்கு நெருப்பைத் தாங்கும் செங்கல் செய்ய இந்தக் கல்தான் போகிறது. இங்கும் முதலில் வந்தது வெள்ளைக்காரக் கம்பெனி, பிறகு நாட்டுடைமை, 1979இல் தமிழக அரசின் நிறுவனம், பர்ன் நிறுவனத்தின் சுரங்கமும் ஆலையும் 2011இல் உருக்கு ஆணையத்தின் கைக்கு வந்தன. இங்கும் கல்மாவு உண்டு, இருமல் உண்டு.

அதற்கு முன்பே ஒன்று மறைந்ததும் உண்டு. 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஹீத் துரையின் கம்பெனி, பின்னாளில் காவிரிக்கரைப் பூலாம்பட்டியிலும் உலை மூட்டிற்று. காட்டை வெட்டிக் கரியாக்கி இரும்பு உருக்கினார்கள். அந்த நூற்றாண்டு முடியுமுன்னரே உலை அணைந்தது. மரமும் போயிற்று, உலையும் போயிற்று.

கஞ்சமலை இரும்புக்கு உரிய ஆலை சேலத்துக்கு வேண்டும் என்று 1967 ஜூலை 23ஆம் நாளைத் தமிழகமே எழுச்சி நாளாகக் கொண்டாடிற்று. உங்களில் மூத்தவர்கள் அன்று ஊர்வலத்தில் நடந்திருப்பீர்கள். 1970இல் அடிக்கல் விழுந்தது. 1982இல் தகடு உருட்டும் ஆலையாக அது எழுந்தது. கஞ்சமலைக் கல்லோ அதன் உலையில் உருகவில்லை. ஆலைக்கென்று உழவர்கள் கொடுத்த நிலமோ பரந்தது. 2019இல் அந்த ஆலையை விற்க விலை கேட்டு அறிவிப்பு வெளியிட்டார்கள். காரணம்? வேறென்ன, அதே மூன்று சொற்களின் முதற்சொல்: நட்டம்! தொழிலாளரும் நிலம் கொடுத்தவர்களும் குடும்பத்தோடு வீதிக்கு வந்தார்கள். அந்த விற்பனை நிறைவேறவில்லை. ஆனால் விற்க நினைத்த மனம் மாறிவிட்டது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே ஆலை வாசலில் சங்கப் பலகைக்கு அடியில் நிற்கும் தோழர்களே, கரட்டில் கல் உடைக்கும் தோழர்களே, நட்டம் என்ற சொல் அடுத்த முறை காதில் விழுந்ததும் முழக்கத்தை எழுப்புவதற்கு முன்னே ஏட்டைக் கேளுங்கள். சரக்கு எந்த விலைக்கு யாருக்குப் போயிற்று என்று கேளுங்கள். மூலப்பொருளை எவ்விலைக்கு வாங்கினார்கள் என்று கேளுங்கள். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிலம் திரும்புமா, குடியிருப்பு வீடு யார் பெயரில் எழுதப்படும், இருமலோடு ஓய்வு பெற்றவனுக்கு மருத்துவமனை எது என்று கேளுங்கள். மூடுவோம் என்று அறிவித்த பிறகு அன்று, சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.